சங்கிலிமுத்து தின்னாத சோறு

வயிறு காந்தியது. தாயில்பட்டி வெடி ஆலையில் லோடு ஏற்றும் சங்கிலிமுத்து பெட்டியைத் தலைக்குத் தூக்கியபோது கண்ணுக்குள் பூச்சி பறந்தது. தீபாவளி சீசன், லாரி காத்து நின்றது. சாப்பாட்டு மணி இன்னும் அடிக்கவில்லை. அடித்தாலும் இன்று அவருக்குச் சாப்பாடு இல்லை.

எல்லாம் மகள் ஓவியா கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்து கையில் மாட்டிவிட்ட கறுப்பு வளையத்தால் வந்தது.

"ஒங்களுக்குச் சீனி ஏறிக் கெடக்குப்பா. கை வாய்க்குப் போனா இது தானா எண்ணிக்கிரும். நான் எம்போன்ல பாத்துக்கிருவேன்."

"ரேஷன் கார்டு மாதிரி எம்பேரு பதிஞ்சாச்சா?"

"பதிஞ்சாச்சுப்பா. இனி எல்லாம் ஒங்க கணக்குதான்."

மகள் கோயம்புத்தூருக்குத் திரும்பிய மறுநாள் சாயங்காலமே போன் வந்தது.

"அப்பா, மத்தியானத்துக்கு முன்னாடியே நூறு தடவைக்கு மேல கை வாய்க்குப் போயிருக்கு. என்ன தின்னீக?"

"பச்சத்தண்ணிதான் குடிச்சேன் தாயி."

"நூறு தடவையா?"

பக்கத்தில் நின்ற மனைவி வேலுத்தாய்க்கு அதுவே போதும். "கம்பெனிக்கு எதுத்தாப்ல புரோட்டாக் கடை இருக்குறது எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள். அடுத்த நாள் தூக்குச்சட்டியில் சோறு பாதியானது.

பாதிச் சோறுதான் தின்றார். கணக்கு குறையவில்லை.

மறுநாள், வேர்வை துடைப்பதைத்தான் எண்ணுகிறதோ என்று துண்டை வீட்டில் போட்டுவிட்டுப் போனார். வேர்வை இறங்கிக் கண் எரிந்ததுதான் மிச்சம். கணக்கு ஏறியது.

அதற்கும் அடுத்த நாள் ஒரு முடிவோடு கிளம்பினார். கேட்டில் காவலாளி சீனிச்சாமி, சாத்தூர் காராச்சேவை ஒவ்வொன்றாக வாயில் போட்டபடி, வழக்கம்போல எல்லோரையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். தீப்பெட்டி, பீடி, போன், பேட்டரி போட்டது எதுவும் உள்ளே போகக் கூடாது. எல்லாம் அவன் மேசைக்குத்தான். சங்கிலிமுத்து எல்லாவற்றோடும் தூக்குச்சட்டியையும் சேர்த்து நீட்டினார். "இதையும் நீயே தின்னுருலே."

"நெசமாவா அண்ணே?"

"திங்கலன்னாவது கணக்கு கொறையுதான்னு பாப்போம்."

அன்றைக்குக் கணக்கு ரெண்டு மடங்கு.

வேலுத்தாய் காலிச் சட்டியை அவர் மூக்குக்கு நேரே காட்டினாள். "நக்கி வழிச்சாப்ல இருக்கு. பட்டினிங்கீக. எவ பக்கத்துல ஒக்காந்து ஊட்டிவிடுதா?"

"சத்தியமா ஒரு பருக்கை படல வேலு."

"அப்ப அந்த மிசினு பொய் சொல்லுதோ? ஒங்க மேல எதுக்கு அது பொய் சாட்சி சொல்லணும்?"

அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் நடப்பவர்கள் உண்டு. தெரியாமல் தின்பவர்களும் உண்டோ?

ஓவியா போனில் தீர்த்துச் சொன்னாள். "டாக்டர்ட்ட பேசிட்டேன். நாளைக்கும் இப்பிடி இருந்தா தெனமும் ஊசிதான்ப்பா."

வெடிமருந்துக்கு நடுவே பயமில்லாமல் வேலை பார்க்கிறவர், பெட்டி பெட்டியாய்த் தலையில் சுமக்கிறவர், ஊசி என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் சொன்ன அந்த 'நாளை'தான் இன்று. காலையில் கஞ்சியும் குடிக்கவில்லை. சோற்றை மறுபடியும் சீனிச்சாமிக்கே கொடுத்துவிட்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. தள்ளாடித் தள்ளாடிக் கேட்டுக்கு வெளியே வந்து, போனை வாங்கி மகளைக் கூப்பிட்டார்.

"தாயி, இன்னிக்கு எச்சியத் தவிர எதையும் முழுங்கல. எண்ணிப் பாரு."

"எண்ணுறதென்ன? எங்கண்ணு முன்னாடியே ஏறுது. இந்தா, இன்னொரு வாய். தின்னுக்கிட்டேதான பேசுறீக?"

சங்கிலிமுத்து நாக்கைச் சுழற்றி வாய்க்குள் தேடினார். ஒன்றுமில்லை. பாவமாய்த் திரும்பினார்.

"ஏலே சீனி, நான் திங்குறனா? பாத்துச் சொல்லுலே. இல்லன்னா எனக்குத் தெனமும் ஊசியாம்."

சீனிச்சாமி தூக்குச்சட்டியின் கடைசி உருண்டையை வாயில் போட்டு நிதானமாக விழுங்கினான்.

"நீங்க எங்க அண்ணே தின்னீக? பேட்டரி சாமான்னு கேட்டுல கழட்டித் தாரீகள்ல, மேசையில கெடந்தா எலி இழுத்துரும்னு இந்த வளையத்தத் தெனமும் நாந்தான மாட்டிக்கிட்டு இருக்கேன். ஊசிய வேணா நானே போட்டுக்கிறேன். ரெண்டு நாள் சோறுதான் நான் ஒங்களுக்குக் கடன்."