காஜா பெராங் வீக்க விசாரணை

மனித இரத்தத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கூட்டம் போட்டு ஆராய்ந்த பெருமை உலகத்திலேயே எங்கள் ஊர் 'காஜா பெராங் இந்தியர் ஒழுக்க மேம்பாட்டுச் சங்க'த்துக்குத்தான் உண்டு. மற்ற நாட்டார் இதற்காக ஆய்வுக்கூடம் கட்டி வீணாகச் செலவழித்தார்கள். எங்களுக்கு ஒரு மேசையும் சில நாற்காலிகளும் போதுமானதாக இருந்தன. மலேசியா பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நாடு புதிது, கொடி புதிது. ஒழுக்கம் மட்டும்தான் பழையது என்பதால், அதைத் துடைத்துப் பளபளப்பாக்கும் பொறுப்பை மளிகைக்கடை சுப்பையன் தலைவராக ஏற்றிருந்தார். நான் செயலாளர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாருக்குக் காய்கறி வாங்க வந்த அலமேலுவின் மேலுதடு வாழைப்பூ மடல் போல வீங்கியிருந்தது. ஒரு கண் மூடிக் கிடந்தது. அவள் புருஷன் தனபாலன் பத்து பெரெண்டாம் ஊருக்குப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவன். போன மாதமும் அவளுக்கு இப்படி வீங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. சங்கம் அன்று மாலையே அவசரமாகக் கூடியது.

"யாரும்மா அடிச்சது?" என்றார் தலைவர்.

"யாரும் அடிக்கலைங்க. தானா வீங்குது. ரெண்டு மூனு நாள்ல வடிஞ்சிடும்."

"பயப்படாம சொல்லு."

"பயம் என்னாங்க? அவரு அடிக்கல."

தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்திங்களா? எவ்வளவு பயந்து போயிருக்குன்னு!"

அலமேலு விடவில்லை. "எங்கப்பாவுக்கும் இப்படித்தாங்க. எஸ்டேட்ல காத்து அடிச்சிருச்சுன்னு சொன்னாங்க. கடைசியில தொண்டை வீங்கி, மூச்சு விட முடியாம செத்துப் போனாரு."

பொருளாளர் நல்லையா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அப்பாவையும் அடிச்சிருக்காங்க! யாரும்மா அந்தக் காத்து? வேலை வாங்குற மண்டோரா?"

அடுத்து தனபாலனை அழைத்தோம். "சத்தியமா கை வைக்கல தலைவரே" என்று சொல்லும்போது அவன் கை நடுங்கியது. நடுங்கிய கை குற்றமுள்ள கை என்று ஒருமனதாகக் குறித்துக்கொண்டோம். ஆனாலும் நாங்கள் நியாயஸ்தர்கள். சாட்சி இல்லாமல் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். தனபாலன் வீட்டுப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த நல்லையாவைச் சுவரில் காதை வைத்துக் கேட்கச் சொன்னோம். பல இரவுகள் கேட்டார். அடி விழும் சத்தமே இல்லை.

"சத்தமே வராம அடிக்கிறான்" என்றார் தலைவர். "இது எவ்வளவு நாள் பழக்கமோ!"

ஆகவே அலமேலு தலைவர் வீட்டில் 'பாதுகாப்பாக' வைக்கப்பட்டாள். தனபாலன் குற்றத்தை ஒத்துக்கொண்டால் மன்னித்துப் பெண்டாட்டியைத் திருப்பி அனுப்புவோம். இல்லையென்றால் அவளை அண்ணன் இருக்கும் எஸ்டேட்டுக்கே பஸ் ஏற்றிவிடுவோம். அடித்தவனுக்குப் பெண்டாட்டி, அடிக்காதவனுக்கு இல்லை. இவ்வளவு தெளிவான நீதி வேறு எந்த ஊரிலும் கிடைக்காது.

தனபாலன் சில நாள் வீம்பாக இருந்தான். பிறகு ஒரு சாயங்காலம் காக்கிச் சட்டையோடு சங்கத்துக்கு வந்து நின்றான். முகத்தில் சவரம் இல்லை.

"சரிலா. அடிச்சேன்னே வெச்சிக்குங்க. அவள அனுப்பிடுங்க."

"எதால அடிச்ச?"

"எதாலன்னு நீங்களே சொல்லுங்க தலைவரே, ஒத்துக்கிறேன்."

கையா, ரோத்தான் பிரம்பா என்று நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது தலைவரின் மனைவி பொன்னம்மா வாசலுக்கு ஓடி வந்தார். சங்கத்துப் பக்கமே வராதவர். "அலமேலுவுக்கு மூஞ்சியெல்லாம் வீங்கிருச்சுங்க! குரலே வரல. கொரகொரன்னு இழுக்குது!"

தனபாலன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தலைவரின் கடை வேனில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். நாங்கள் பின்னால் போய்ச் சேர்ந்தபோது, டாக்டர் தேவதாஸ் அவள் தொண்டையில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்திருந்தார். வராந்தாவில் உட்கார்ந்தோம். இந்த முறை முகம் வீங்கியது தலைவர் வீட்டில். யார் அடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் தலைவரைப் பார்த்தோம், அவ்வளவுதான். விஞ்ஞானத்தின் மீது அவருக்குப் பற்று பிறந்தது அந்த நிமிஷத்தில்தான்.

"டாக்டர், இது இரத்தத்துல வர்ற நோய், சாக்கிட்டா இருக்குமா?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

"அப்படித்தான் நினைக்கிறேன்" என்றார் டாக்டர். "இப்பத்தான் வெளிநாட்டுப் பத்திரிகையில வந்திருக்கு. இரத்தத்துல சில நொதிகள் இருக்கு. அதுங்க கிளம்பினா இரத்தக் குழாய்லேருந்து தண்ணி கசிய ஆரம்பிச்சிடும். போதும் நில்லுன்னு அதுங்கள அடக்கி வைக்க ஒரு புரதம் இருக்கு. சில குடும்பத்துல அந்தப் புரதம் பிறவியிலேயே குறைச்சல். அடக்க ஆள் இல்ல, கசிஞ்சுகிட்டே இருக்கும், வீங்கும். பயம், மனக்கஷ்டம் வந்தா இன்னும் மோசம். இவங்க அப்பாவுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்."

"அப்ப இரத்தத்துக்குள்ளயும் ஒரு ஒழுங்கு நடவடிக்கைக் குழு இருக்கு!" என்று தலைவர் பூரித்தார். "நம்ம சங்கம் மாதிரி."

"அந்தப் புரதம் தேவையான இடத்துல மட்டும்தான் தலையிடும்" என்றார் டாக்டர். தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "ஒன்னு ஞாபகம் வெச்சிக்குங்க. இது ரொம்ப அபூர்வம். வீங்கினதெல்லாம் இது இல்ல."

கட்டிலில் அலமேலுவுக்குப் பேச முடியவில்லை. தனபாலனின் கையை எடுத்துத் தன் வீங்கிய கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையைத்தான் நாங்கள் விசாரித்திருந்தோம். அவன் பொலபொலவென்று அழுதான். எனக்கும் தாங்கவில்லை. அவன் நிரபராதி என்று அங்கேயே ஏகமனதாகத் தீர்மானித்து, சங்கத்தின் விஞ்ஞானச் சேவைக்கு எங்களுக்கு நாங்களே நன்றியும் சொல்லிக்கொண்டோம்.

அறிவு ஒருமுறை வந்துவிட்டால் பிறகு விசாரணைக்கே அவசியமில்லை. அடுத்த மாதம் பொன்னம்மா கன்னம் வீங்கிப் பாசாருக்கு வந்தார். யாரும் பதறவில்லை.

"இரத்தத்துல புரதம் குறைச்சல்" என்றார் தலைவர்.

"டாக்டர்கிட்ட காட்டுவோமா?" என்றேன்.

"எதுக்குலா? அதான் அன்னிக்கே சொல்லிட்டாரே."

தொண்டைக் காயம் ஆறி வந்திருந்த அலமேலு, பொன்னம்மாவின் அருகில் போய் நின்று பார்த்தாள். "எனக்கு வீங்கினா மொழுமொழுன்னு இருக்குங்க. அக்கா கன்னத்துல கோடு கோடா இருக்கே" என்றாள். பொன்னம்மா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். பொன்னம்மாவின் கன்னத்தில் நாலு விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. அது யாருடைய விரல் என்று சுட்டிக்காட்ட மட்டும், எங்கள் ஒழுக்க மேம்பாட்டுச் சங்கத்தில் ஒரு விரலும் நீளவில்லை.