ஜன்னல் வைத்த பானை

ஒரு விடுகதை. வீடு உண்டு, ஜன்னல் இல்லை. உள்ளே கும்மிருட்டு. குடியிருப்பவர் நாளுக்கு நாள் உயரமாகிறார். கூரை தலையில் தட்டியதும் வெளியே இழுத்து, நறுக்கி, சர்க்கரை போட்டு வேகவைத்துச் சாப்பிட்டுவிடுகிறோம். யார் அவர்?

ருபார்ப், அதாவது தண்டைச் சமைத்துத் தின்னும் அந்தப் புளிப்புச் செடி என்று சொன்னால் நீங்கள் இங்கிலாந்தில் எங்கள் யார்க்‌ஷர்க்காரர். ‘பாவம், யாரோ ஒரு மனிதர்’ என்று சொன்னால் உங்களுக்கு எங்கள் ஊராட்சியில் வேலை உண்டு.

எனிட் சக்டன் குளிர்காலம் முடியும் முன்பே தன் தோட்டத்து ருபார்ப் கிழங்கின் மேல் ஒரு மண்பானையைக் கவிழ்த்துவிடுவார். இருட்டில் வளரும் தண்டு இளஞ்சிவப்பாக, இளசாக வரும், புளிப்பும் குறைவு. அந்தக் கிழங்கு அவருடன் மூன்று வீடு மாறி வந்தது. கணவர் முதல் வீட்டோடு நின்றுவிட்டார்.

ஊராட்சியின் குடியிருப்பு நல அதிகாரி க்ளைவ் பிக்கர்ஸ்கில் ஒருநாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். உயிருள்ள எதுவும் வசிக்கும் மூடிய கட்டடத்துக்கு ஜன்னல் இருந்தாக வேண்டும் என்பது விதி.

“இது பானை, தம்பி,” என்றார் எனிட்.

“உள்ளே உயிர் இருக்கா, இல்லையா?”

“ருபார்ப் இருக்கு.”

“அது செத்துடுச்சா?”

“அது நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப ஜன்னல் வைங்கம்மா. இல்லேன்னா குடியிருப்பவரை வெளியேத்த வேண்டி வரும்.”

வெளியேற்றுவது என்றால் கிழங்கைத் தோண்டி எடுப்பது. எனிட் பானையில் ஓட்டை போட்டுக் கண்ணாடி பதித்தார். வெளிச்சம் உள்ளே போனது. தண்டு பச்சையாகத் தடித்து வந்தது. கடித்துப் பார்த்த எனிட்டுக்கு ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

ஆனால் பக்கத்து வீட்டு டோரீன் பாரக்ளஃப் அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டார். அடுத்த வாரம் அவர் பானையில் இரண்டு ஜன்னல். பிறகு தெரு முழுக்க ஜன்னல். வசதியுள்ளவர்கள் ஜன்னலுக்கு வெளியே குட்டிப் பூத்தொட்டியும் மாட்டினார்கள். பச்சைத் தண்டுதான் இயற்கையானது, நாகரிகமானது என்று டோரீன் வாயைக் கோணிக்கொண்டு சொன்னார். கேட்டவர்களும் வாயைக் கோணிக்கொண்டு தலையாட்டினார்கள். நாளடைவில் வாயைக் கோணுவதும் நாகரிகமாயிற்று.

எனிட் தன் பானை ஜன்னலுக்குக் கனமான திரை தைத்துப் போட்டார். ஜன்னலும் இருந்தது, இருட்டும் இருந்தது. இளஞ்சிவப்பு திரும்பி வந்தது. க்ளைவும் திரும்பி வந்தார்.

“திரை எப்பவும் மூடியே இருக்கே?”

“தூங்குது, தம்பி.”

“பகல்லயா?”

“வேலையெல்லாம் ராத்திரியில. அப்பதானே வளருது.”

இரவு வேலை பார்ப்பவரைப் பகலில் எழுப்பக் கூடாது என்பதும் விதி. க்ளைவ் பானையிடம் தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டு, நுனிக்காலில் நடந்து வெளியே போனார்.

டோரீன் விடவில்லை. ஊரின் நாகரிகத்தை ஒரு திரை அவமதிக்கிறது என்று புகார் கொடுத்தார். ஊராட்சி கூடியது. இளஞ்சிவப்பா, பச்சையா என்று மாலை வரை சத்தம். கடைசியில், எந்தப் பக்கமும் சாயாத ஒரு குழந்தை வசந்தக் கண்காட்சியில் ருசி பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. தீர்மானத்தை க்ளைவ் நிறுத்தி நிதானமாக வாசித்தார்: “குழந்தை தேர்ந்தெடுப்பது மட்டும் ஊரில் இருக்கலாம். தேர்ந்தெடுக்காதது எதுவானாலும் வேரோடு தோண்டப்படும்.”

குழந்தைக்கு நாக்கு இருக்கிறது என்ற தைரியத்தில் எனிட் கை தூக்கினார். நாகரிகம் பார்க்கக் குழந்தைக்குக் கண் இருக்கிறது என்ற தைரியத்தில் டோரீனும் தூக்கினார். எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறியது.

கண்காட்சி நாளில் க்ளைவின் நான்கு வயது மகள் ரோவீனாவை நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்தார்கள். மேசையின் இடப்பக்கம் எனிட்டின் இளஞ்சிவப்புத் தண்டு, வலப்பக்கம் டோரீனின் பச்சைத் தண்டு. நடுவில், தொட்டுக்கொள்ள வழக்கம்போல ஒரு கிண்ணம் சர்க்கரை. வாசலில் மண்வெட்டிகள் தயாராகச் சாத்தியிருந்தன. எனிட் மேசையைப் பார்க்காமல் மண்வெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா, அவசரமே இல்ல,” என்றார் க்ளைவ். “உனக்கு எது வேணுமோ அதை எடுத்துக்கோ. அதுதான் சட்டம்.”

ரோவீனா இளஞ்சிவப்புத் தண்டைச் சர்க்கரையில் தோய்த்து நக்கிவிட்டுக் கீழே வைத்தாள். பச்சைத் தண்டைத் தோய்த்து நக்கிவிட்டுக் கீழே வைத்தாள். பிறகு சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.