நெல்லுக்கு ஒரு நிலவறை

பகலில் நித்திரை கொள்வது என்று நான் தீர்மானித்தேன்.

எனக்கு ரெயில் நிலையத்தில் இரவு வேலை. கைகாட்டி விளக்குகளுக்கு எண்ணெய் விட்டுக் கொளுத்தி, விடிந்த பிறகு வீடு வருவேன். நான் கண்ணை மூடும்போது ஊர் கண்ணைத் திறக்கும். அடுத்த வளவில் உலக்கை விழும். எதிர்வீட்டுச் சேவல், விடிந்தது போதாதென்று மறுகாவும் விடிய வைக்கும். இவை போதாதென்று என் மனைவி சீதேவிப்பிள்ளை கதைப்பாள். மகள் இராசாத்தி கிடைத்தால் அவளோடு, இல்லாவிட்டால் அடுப்போடு. கலியாணம் முடித்த நாள் தொட்டு நான் ஒரு கனவையும் முழுதாகக் கண்டதில்லை. எல்லாம் பாதி வழியில் நிற்கின்றன.

வாவிக்கரையில் புதுவீடு எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வளவு நிலம் அவளுடைய தாய் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் வளவும் வீடும் பெண்ணுக்கு. ஆண் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிறவன். நானும் அப்படி வந்தவன்தான். எனக்கென்று ஓர் அறை கேட்க வாய் வரவில்லை.

நிலம் வாவிப் பக்கம் சரிந்திருந்ததால் அந்தப் பக்கத்து அத்திவாரம் ஆளுயரத்துக்கு வந்தது. அதற்குள் மண் நிரப்பாமல் விட்டால் ஒரு நிலவறை. சத்தம் வராது. வெளிச்சம் வராது. சீதேவி வரமாட்டாள்.

"நெல்லுப் போட ஒரு நிலவறை விடுவமா புள்ள?" என்றேன்.

"நெல்லுக்கா?"

"நெல்லுக்குத்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல யோசினை. நீங்களே பூசிப்போடுங்க. மேசனுக்கு மேல்வேலை கிடக்கு."

இத்தனை சுலபமாக ஒரு மனைவியை ஏமாற்றியவன் இந்த மாகாணத்தில் இல்லை என்று நினைத்தேன்.

நிலவறைச் சுவர் வியர்த்தது. தோணிக்குப் பூசுகிற தாரைக் காய்ச்சி இடுப்பளவுக்குப் பூசினேன். மேசன் சரீப் எட்டிப் பார்த்தார்.

"தார் காயமுன்ன மணலை எறிங்க அண்ணன். இல்லாட்டிச் சாந்து பிடிக்காது."

மணல் எறிந்தேன். சாந்து பூசினேன். அது இறுகுமுன் சிப்பிச் சுண்ணாம்பைக் குழைத்து மேலே இழைத்து, கிண்ணத்தின் அடியால் தேய்த்துத் தேய்த்து மினுக்கினேன்.

"நெல்லுக்கா அண்ணன் இந்த மினுக்கம்?" என்றார் சரீப்.

"எலி ஏறாது."

"ஏறினாலும் தலை சீவிக்கிட்டு இறங்கும்."

வெள்ளைக்கு நீலத்தை அள்ளிக் கூட்டி அடித்தேன். அறை அந்திநேரம் போல மங்கியது. நின்றபடியே எனக்குக் கொட்டாவி வந்தது.

அப்போதுதான் சீதேவி இறங்கி வந்தாள்.

"நெல்லுக்குக் காத்து வேணும். வாவிப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் வைங்க."

வைத்தேன். குளிர்ந்த காற்று வந்தது. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"விளக்கு வைக்க ஒரு மாடம் வேணும்."

நெல்லுக்கு என்னத்துக்கு விளக்கு என்று கேட்கப் போன நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாடம் வைத்தேன்.

"கொக்கி ரெண்டு அடிங்க, சாக்குக் கொழுவ."

அடித்தேன். என் சட்டைக்கு ஒன்று, சால்வைக்கு ஒன்று.

"தரையில ஈரம் ஏறும். சுவரோட ஒரு மேடை கட்டுங்க."

நானாகக் கேட்க நினைத்து, கேட்கப் பயந்து கிடந்த மேடை அது. அவள் போன பிறகு தரையில் படுத்து அளவெடுத்துக் கட்டினேன். பின்னேரம் வந்து பார்த்தாள்.

"அகலம் காணாது. இன்னும் இவ்வளவு கூட்டுங்க."

"என்னத்துக்குப் புள்ள?"

"இந்த முறை விளைச்சல் கூட."

கூட்டினேன். புரண்டு படுக்கலாமே.

வீடு குடிபுகுந்தோம். அடுத்த நாள் காலையில் வேலையால் வந்து, பூனைபோல் நிலவறைக்குள் இறங்கினேன். மேடையில் பாய் விரித்திருந்தது. தலையணை இரண்டு. ஒரு கொக்கியில் என் சட்டை. மற்றதில் சேலை. மாடத்துக்குக் கீழே வெற்றிலைத் தட்டத்தோடு சீதேவி இருந்தாள்.

"நெல் எங்க புள்ள?"

"வெல்லாவெளியில, மாப்பிள்ளைட வயல் வட்டையில."

"எந்த மாப்பிள்ளை?"

"நம்மட இராசாத்திக்குப் பேசின மாப்பிள்ளைதான். ராத்திரி ஆக்கள் வந்து வீட்டைப் பார்த்து கலியாணத்தை முற்றாக்கிப்போட்டுப் போனாங்க. இனி மேல்வீடு மகளுக்கும் மருமகனுக்கும். நீங்க பெட்டியோட வந்தண்டைக்கு எங்கட அம்மாவும் அப்பாவும் குசினிக்கு ஒதுங்கல்லயா?"

ஒதுங்கினார்கள். அன்றைக்கு அது எனக்கு மிக நல்ல வழக்கமாகத் தெரிந்தது.

"நமக்கும் குசினி இரிக்கே," என்றேன்.

"குசினிப் புகைக்குள்ள பகல்ல எப்படி நித்திரை கொள்ளுவீங்க? நெல்லெண்டு நீங்க சொன்ன அண்டே விளங்கிற்று. மனிசன் வாய்விட்டுக் கேக்க ஒண்ணாம இரிக்கிறாரெண்டு."

"அப்ப, நெல்லெண்டு நீ நம்பல்லயா?"

"நமக்கு ஒரு வரம்பாவது சொந்தமா இரிக்கா?"

கடையில் கொத்துக்கணக்கில் அரிசி வாங்குகிற குடும்பம் எங்களுடையது. பொய் சொன்ன நேரத்தில் இது எனக்கு நினைவு வரவில்லை.

"படுங்க," என்றாள். "நான் சும்மா கதைச்சிக்கிட்டு இரிக்கன்."

படுத்தேன். உலக்கைச் சத்தம் இல்லை. சேவல் இல்லை. வெளிச் சத்தம் ஒன்றும் உள்ளே வரவில்லை. உள்ளே இருந்த சத்தம் வெளியே போகவுமில்லை. நான் கிண்ணத்தால் தேய்த்து மினுக்கின சுவர் நாலும் ஒவ்வொரு சொல்லையும் பழுதில்லாமல் திருப்பித் தந்தன.

இப்போது சீதேவி ஒருதரம் சொல்வதை நான் இரண்டு தரம் கேட்கிறேன்.