இறக்குமதி இசையமைப்பாளர்

உலகத்தில் இசைக்காரர்கள் இரண்டு வகை. வாசிப்பவர்கள் ஒரு வகை. வாசிப்பதற்கான கருவிகளைக் கணினியில் இறக்கிக்கொண்டே இருப்பவர்கள் மறு வகை. இரண்டாம் வகையைப் பார்த்ததே இல்லை என்கிறீர்களா? எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கதவைத் திறப்பதே அந்த ஆள்தான்.

பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பேன். மாலையில், துணி மடிக்கும் மேசையில் கால்வாசி இடத்தை மனைவியிடம் கெஞ்சி வாங்கி, ஹெட்போனை மாட்டி, "இன்னிக்கு ஒரு பாட்டை முடிச்சே தீரணும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொள்வேன். அந்த நேரம் பார்த்து, யாரோ ஒரு புண்ணியவான் நிஜ வயலினைச் சுரம் சுரமாகப் பதிவு செய்து, கீபோர்டில் வாசிக்கிற மாதிரி மென்பொருளாக்கி, இலவசமாகக் கொடுப்பது கண்ணில் படும். இலவசமாயிற்றே, விடுவேனா? மின்னஞ்சல் முகவரி கொடுத்து, கடவுச்சொல் உருவாக்கி, அதை மறந்து, வேறொன்று உருவாக்கி, மூன்று ஜிபியையும் இறக்கி, ஒரே ஒரு கட்டையை அழுத்தி, "அடடா, என்னா சவுண்டு!" என்று பூரித்துப் போய்ச் சாப்பிட எழுந்துவிடுவேன்.

பாட்டு? அது நாளைக்கு.

இப்படிச் சேர்ந்தவை பதினேழு வயலின், முப்பத்தோரு பியானோ, அறுபது பேர் பாடும் கோரஸ் ஒன்று. அறுபது பேரும் இதுவரை "ஆ" என்று ஒரு தடவைதான் வாயைத் திறந்திருக்கிறார்கள்.

போன மாதம் எட்டு வயது மகள் பள்ளியிலிருந்து வந்தாள்.

"அப்பா, வீட்ல யாராவது சொந்தமா செஞ்சதை வெள்ளிக்கிழமை கொண்டு வரணுமாம். நீங்க பாட்டு செய்வீங்கதானே?"

"செய்வேனே!"

"அப்ப ஏன் நான் ஒண்ணுகூடக் கேட்டதில்ல?"

மனைவிதான் கைகொடுத்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு போட்டீங்களே, அதைக் குடுங்க."

ஆமாம்! வாழ்நாளில் நான் முடித்த ஒரே பாட்டு. இரவல் கீபோர்டில் வாசித்து, மேசையைத் தட்டித் தாளம் போட்டது. தேடினேன். காணோம். பிறகுதான் உறைத்தது. பதினேழாவது வயலினுக்கு இடம் போதாமல், பல வருடமாகத் திறக்காத ஒரு கோப்புறையை, நூறு ஒத்திகைப் பதிவுகளோடு சேர்த்து, முந்தின வாரம்தான் துடைத்தெறிந்திருந்தேன். அதன் பெயர் "முடிந்தவை".

மனைவியிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "அது எனக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை மடித்தாள்.

மீதி மூன்று நாள். முதல் நாள் மாலை முழுவதும் சரியான பியானோவைத் தேடினேன். இரண்டாம் நாள், அதைவிடச் சரியான பியானோவை. மூன்றாம் நாள் மகள் வந்து, திரையிலிருந்த பியானோப் பட்டியலின் முதல் பெயரைத் தட்டினாள்.

"இதுலயே வாசிங்கப்பா."

"இது அவ்வளவு நல்லா இருக்காதும்மா..."

"வாசிங்க!"

வாசித்தேன். ஞாபகமிருந்த முதல் இரண்டு வரி வந்தது. மூன்றாவதில் தடுமாறினேன்.

"அங்க ஏறாதுங்க, இறங்கும்" என்றாள் மனைவி, தலையணை உறையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பிறகு அவளே முணுமுணுத்துக் காட்டினாள். எனக்கே மறந்துபோன பாட்டு, ஒரு சுரம் பிசகாமல் அவளிடம் இருந்தது. வெட்கத்தில் காது சுட்டது. இரண்டு மணி நேரத்தில், ஒரே பியானோவில், பாட்டு முடிந்தது.

வெள்ளிக்கிழமை மகள் திரும்பி வந்தாள். "எல்லாரும் கை தட்டினாங்கப்பா. ஆனா ஒருத்தியோட அப்பா தச்சர், ஸ்டூல் செஞ்சு குடுத்திருந்தாரு. அதுக்குத்தான் நிறைய."

"ஏன்?"

"அதுல உக்கார முடியுது."

அன்று மாலையே திருந்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? அன்றைக்குப் பார்த்து அருமையான செல்லோ ஒன்று வந்திருந்தது. இலவசம் வேறு.

சிரிக்கிறீர்களாக்கும்? சிரியுங்கள். ஆனால் ஒன்று: இதை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறீர்களா, இல்லை, அப்புறம் வாசிக்கலாம் என்று என்றைக்கோ சேமித்து வைத்த முந்நூறு கதைகளில் இது தப்பித்தவறி இன்றைக்குக் கையில் சிக்கியதா?