சிவப்பு ப்ராசஸரும் நீல மதர்போர்டும்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்தில் தண்ணீர் இருந்தது. ஆகவே காவலும் இருந்தது. புலியரசரின் கழுதைப்புலிகள் கரையெங்கும் நின்றன. பெரிய விலங்குகள் இறங்கிக் குடிக்கலாம். வளையில் வாழும் சின்ன உயிர்கள் பாறை இடுக்கில் பனியை நக்கிக்கொள்ளலாம். கோடையில் பனி பெய்யாததற்கு அரசு பொறுப்பல்ல என்று பலகையில் தெளிவாக எழுதியிருந்தது.

அந்தக் கோடையில் வடிவு என்ற கீரி குட்டி போட்டிருந்தது. தண்ணீர் இல்லாததால் அதற்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. கடைக்குட்டி கத்துவதைக்கூட நிறுத்திவிட்டது.

அப்போதுதான் புலியரசர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். "என்னைக் கொடுங்கோலன் என்கிறார்கள். இனி என் காட்டில் திறமைக்கே முதலிடம். கணினி விளையாட்டில் என் மகனை யார் வெல்கிறார்களோ, அவர்கள் இனத்துக்கு வடகரை சொந்தம். கணினியை அவரவரே கொண்டுவர வேண்டும்."

இளவரசரின் கணினி ஒரு குகையை அடைத்துக்கொண்டு நின்றது. அது சூடாகாமல் இருக்க இரண்டு கரடிகள் விசிறின. காட்டுக்கு மின்சாரம் எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள், முதலில் விலங்குகள் எப்படிப் பேசின என்று கேட்டுவிட்டு வரட்டும்.

வளைவாழ் உயிர்கள் சங்கம் அவசரமாகக் கூடியது. நாமும் ஒரு கணினி செய்வோம் என்றார்கள். வளை வாசலுக்குள் நுழையும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே வைத்தால் குரங்குகள் தூக்கிப் போய்விடும். சங்க நிதியில் இருக்கும் நிலக்கடலைக்குள் முடிய வேண்டும். விளையாட முயல் தயார்.

"பாகங்களை யார் பார்த்து வாங்குறது?" என்று வடிவு கேட்டது. கேட்டவர் தலையிலேயே கட்டுவது சங்க மரபு. வடிவு நரியின் கடைக்குப் போனது.

நரி முன்னங்காலை உதறிக்கொண்டு எழுந்தது. "வாங்க வடிவக்கா. எல்லாத்தையும் உள்ள பூட்டுற இந்தக் குட்டி கேபினெட் உங்க வளைக்குன்னே செஞ்சது. ஒத்தை விசிறி கிராஃபிக்ஸ் கார்டு போதும், நீளமானது உள்ள போகாது. ஏற்கெனவே ஒருத்தர் ஓட்டினதுதான், ஆனா நல்லா ஓடும். இன்னும் கொஞ்சம் கடலை சேர்த்தா இதுக்கு மேல உள்ளது வந்துடும்."

"அதுக்கும் மேல?"

"அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. இப்படியே மேல மேல போனீங்கன்னா புலி குகைக்கே போய்ச் சேர்ந்துடுவீங்க."

"வேண்டாம்பா. இதுவே போதும்."

"கணினிக்கு மூளையான ப்ராசஸர்தான் நீங்க முடிவு பண்ணணும். சிவப்புக் கம்பெனி, நீலக் கம்பெனி ரெண்டும் இருக்கு. உங்க விளையாட்டுக்கு எதுவும் ஓடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. சிவப்பு ப்ராசஸர்னா அது உட்கார்ற மதர்போர்டும் சிவப்புக்கானது, நீலம்னா நீலத்துக்கானது. மாத்தி வாங்கினா உள்ள உட்காராது. வித்த சரக்கை நான் திரும்ப எடுக்கிறதும் இல்ல."

அங்கேயே எதையாவது ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் வடிவு ஜனநாயகத்தில் ஊறிய கீரி. நேராகக் கூட்டத்துக்கு வந்து, "தோழர்களே, சிவப்பா, நீலமா?" என்று கேட்டுவிட்டது.

தலைவர் முள்ளம்பன்றி அமிர்தலிங்கம் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. "இதுல கேள்வி என்ன இருக்கு? சிவப்புதான் உழைக்கிற உயிர்களோட ப்ராசஸர்!"

செயலாளர் உடும்பு குஞ்சிதபாதம் தரையில் வாலை அடித்தது. "சிவப்பு சூடாகும், தோழர். ஏற்கெனவே வளை அடுப்பு மாதிரி கொதிக்குது. நீலம்தான் நிதானம்."

"நீலம் புலிக்குகைச் சரக்கு. அதைத் தொடுறவன் துரோகி!"

"யாரைப் பார்த்துத் துரோகிங்கிற? இத்தனை போராட்டத்துல உன் முள்ளு ஒண்ணாவது உதிர்ந்திருக்கா?"

"போன பஞ்சத்துல கழுதைப்புலி காலை நக்கினது யாருய்யா? நானா?"

இரண்டு பேரும் அதுவரை எந்த ப்ராசஸரையும் கண்ணால் பார்த்ததில்லை. அது கொள்கையில் தெளிவாக இருக்க உதவியது. சாயங்காலத்துக்குள் பாதி வளைகளின் வாசலில் செம்மண் பூசியிருந்தது. மீதிப் பாதியில் நீல அவுரிச் சாயம். அண்ணன் எலியும் தம்பி எலியும் நடுவே சுவர் எழுப்பிக்கொண்டன. போட்டி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

வடிவு கடைக்குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவில் கிடத்தியது. "இது செத்தா சிவப்பா சாகுமா, நீலமா சாகுமா? ஒத்துமையா ஒரு முடிவு சொல்லுங்க!"

கூட்டம் நெகிழ்ந்துவிட்டது. முள்ளம்பன்றியும் உடும்பும் கட்டித் தழுவின. உடும்புக்குச் சற்று வலித்தது. உடனே வரலாற்றுச் சிறப்புமிக்க ஒற்றுமைத் தீர்மானம் முன்மொழியப்பட்டது: ப்ராசஸர் சிவப்பு, மதர்போர்டு நீலம். இரு தரப்புக்கும் சமபங்கு.

வடிவு பதறியது. "ஐயோ தோழர், அதுல இது உட்காராது!"

"தோழர் வடிவு, நீங்க பேசுறது தொழில்நுட்பம்," என்றது அமிர்தலிங்கம். "நாங்க பேசுறது ஒத்துமை."

"ஆமா," என்று குஞ்சிதபாதம் வாழ்நாளில் முதல்முறையாகத் தலைவரை ஆமோதித்தது. "உட்காராட்டி உட்கார வைப்போம்."

கை தூக்காதவர் ஒற்றுமைக்கு எதிரி என்பதால் வடிவும் கை தூக்கியது.

நரி இரண்டு பெட்டிகளையும் கட்டிக் கொடுத்தது. "பொருந்தாதுன்னு தெரிஞ்சே குடுக்கிறியே?" என்று வடிவு கேட்டது.

"சங்கத் தீர்மானத்துல நான் தலையிட மாட்டேன் அக்கா. எனக்கு எல்லாக் கட்சியும் ஒண்ணுதான்," என்ற நரி, கூடவே ஒரு வண்ண விளக்குச் சரத்தை இலவசமாகப் போட்டுக் கொடுத்தது.

போட்டி நாளில் மைதானம் நிரம்பி வழிந்தது. குட்டிக் கணினியை மேடையில் எல்லோர் முன்பாகவும் பூட்டுவதென்று ஏற்பாடு. ப்ராசஸர் மதர்போர்டில் உட்காரவில்லை. அமிர்தலிங்கம் அழுத்தியது. குஞ்சிதபாதம் அதன் மேலேறி அழுத்தியது. உள்ளே நறுக்கென்று ஏதோ முறிந்தது. மின்சாரம் கொடுத்தார்கள். விளக்குச் சரம் ஏழு நிறத்தில் ஜொலித்தது. விசிறி ஜோராகச் சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

இளவரசர் கொட்டாவி விட்டார். புலியரசர் மீசையைத் தடவினார். "பார்த்தீர்களா? வாய்ப்புக் கொடுத்தேன். திறமை இல்லை. வடகரை என் மகனுக்கே."

"உன் போர்டாலதான்!" என்றது அமிர்தலிங்கம்.

"உன் ப்ராசஸராலதான்!" என்றது குஞ்சிதபாதம்.

முதல் முள் பறந்தது. வால் சுழன்றது. செம்மண் கட்சி ஒரு பக்கம், அவுரிக் கட்சி ஒரு பக்கம். காடே அப்படி ஒரு சண்டையைப் பார்த்ததில்லை. கரையில் நின்ற கழுதைப்புலிகள் முதலில் கழுத்தை நீட்டிப் பார்த்தன. அப்புறம் ஒன்று நழுவி வந்தது. அப்புறம் எல்லாமே வந்தன. "அட, உடும்பைக் கடிடா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

கூட்டத்தின் கடைசியில் நின்ற வடிவு திரும்பிப் பார்த்தது. கரையில் ஒருவரும் இல்லை.

'தோழர்களே, கரையில காவல் இல்ல' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். சண்டை நிற்கும். சண்டை நின்றால் கழுதைப்புலிகள் கரைக்குத் திரும்பும். சங்கத்தில் சேர்ந்த நாள் முதலாக வடிவு பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டது அன்றுதான். வளைக்கு ஓடிக் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து தண்ணீரோரம் விட்டது. கடைக்குட்டி குடித்தது, இருமியது, மறுபடி குடித்தது. தாய் எலி ஒன்று பார்த்துவிட்டது. அதுவும் சத்தமில்லாமல் தன் குஞ்சுகளோடு வந்தது. பின்னால் முயல்கள். யாரும் யாரிடமும் நீ சிவப்பா, நீலமா என்று கேட்கவில்லை. வாய் நிறையத் தண்ணீர் இருந்தது.

மறுநாள் காயத்துக்குப் பச்சிலை கட்டிக்கொண்டு தலைவர்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். அமிர்தலிங்கத்தின் கண் கலங்கியிருந்தது. "நேத்து நடந்தது தப்பு, தோழர். நம்ம சண்டை எதிரிக்குத்தான் லாபம். இனிமே நாம ஒண்ணு."

"ஒண்ணுதான், தோழர்," என்றது குஞ்சிதபாதம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இருவரும் தழுவிக்கொள்ளக் கை நீட்டினார்கள். தூரத்தில் கழுதைப்புலிகள் வரிசையாகக் கரைக்குத் திரும்பி நின்றுகொண்டிருந்தன. வடிவின் காலடியில் கடைக்குட்டி தண்ணீர் கேட்டு முனகியது.

வடிவு எழுந்தது. "தோழர்களே, ஒத்துமைக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். அடுத்த கேபினெட் கறுப்பா, வெள்ளையா?"

நீட்டிய கைகள் பாதியில் நின்றன.

"கறுப்பு," என்றது அமிர்தலிங்கம்.

"அதெப்படி நீயே முடிவு பண்ணுவ?" என்றது குஞ்சிதபாதம்.

கரையில் ஒரு கழுதைப்புலி காதை நிமிர்த்தியது. தாய்மார்கள் மெதுவாகக் குட்டிகளைக் கவ்வத் தொடங்கினார்கள்.

நீதி: தலைவர்கள் ஒன்றுபட்டால் தீர்மானம் கிடைக்கும், அடித்துக்கொண்டால்தான் தண்ணீர் கிடைக்கும். ஆகவே கணினி வாங்குவோர், கேபினெட்டின் நிறத்தைப் பொதுக்கூட்டத்தில் மட்டுமே முடிவு செய்யவும்.