மரத்தடியில் மச்சான் கார்

"எட்டு" என்றார் புரூஃப் ரீடர், வாசலில் நின்றபடி.

"என்ன எட்டு?" சமையலறையிலிருந்தே கேட்டாள் மனைவி.

"உங்க அண்ணன் கார் மேல எட்டுக் கறை. மரத்துப் பிசின் சொட்டியிருக்கு. நேத்து வரைக்கும் ஒண்ணுகூட இல்ல."

புருஷனுக்குக் காய்ச்சல் என்றால்கூட அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் வருவாள். அண்ணன் கார் என்றதும் அடுப்பு எரிந்தால் எரியட்டும் என்று ஓடி வந்துவிட்டாள். சிவப்பு பானெட்டின் மேல் தேன் நிறத்தில் எட்டுச் சொட்டுகள், காய்ந்து கெட்டியாக உட்கார்ந்திருந்தன.

"அண்ணன் என்ன சொல்லுவாரு?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

யோசிக்க வேண்டிய விஷயம்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் மச்சான் அவரை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுத்ததில்லை. அந்தக் காரில் ஏறினால் "கதவை மெதுவா சாத்துங்க மாப்பிள்ளை" என்பார். மெதுவாகச் சாத்தினால், "சரியா சாத்தலையே" என்று இறங்கி வந்து தானே ஒருமுறை சாத்துவார். பன்னிரண்டு வருஷத்துக் கார், நிறமெல்லாம் மங்கிப்போயிருந்தது. அதை மச்சானிடம் சொல்லும் தைரியம் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

அப்பேர்ப்பட்ட மச்சான் நாலு நாளைக்கு முன்னால் சாவியைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"ரெண்டு வாரம் வெளியூர் போறேன் மாப்பிள்ளை. வண்டியத் தனியா விட மனசு வரல. உங்ககிட்ட விட்டாத்தான் எனக்கு நிம்மதி."

"என்கிட்டயா மச்சான்?"

"வேற யாரு இருக்கா எனக்கு? ஓட்ட வேண்டாம், சும்மா நிக்கட்டும். வெயில் மட்டும் ஆகாது. உங்க வாசல்ல மரம் இருக்குல்ல, அதுக்கு அடியிலேயே நிறுத்துங்க. ஏதாவது ஒண்ணுன்னா டேஷ்போர்டத் திறந்து பாருங்க, தேவையானது எல்லாம் உள்ள இருக்கு."

புரூஃப் ரீடர் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருஷம் கழித்து நம்மையும் ஒரு மனுஷனாக மதித்துவிட்டார் என்று உருகிப்போனார். அன்றைக்கு அச்சகத்தில் மூன்று பிழைகளைக் கண்டும் காணாமல் விட்டார். அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அந்த மதிப்பின் மேல்தான் எட்டுச் சொட்டுப் பிசின்.

"அப்படியே விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி. "மரம்னா பிசின் வடியத்தான் செய்யும். அண்ணன் வந்து அவரே பாத்துப்பாரு."

அன்றைக்கு முழுக்க அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள வார்த்தை அதுதான். எனவே யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புரூஃப் ரீடருக்கு இருபது வருஷமாகப் பிழைப்பே தப்பான இடத்தில் விழுந்த புள்ளியைத் தேடி எடுப்பது. எட்டுப் புள்ளியை வைத்துக்கொண்டு சும்மா உட்காருவது அவர் ரத்தத்திலேயே இல்லை.

முதலில் வெந்நீரும் சோப்பும். சூடு பட்டதும் பிசின் இளகியது. இளகிய பிசினைத் துணி இழுத்துக்கொண்டு போனது. எட்டுப் புள்ளியும் வால் முளைத்து, பானெட் முழுக்கத் தவளைக் குஞ்சு நீந்துகிற மாதிரி ஆகிவிட்டது.

"முன்னாடி சின்னதா இருந்துச்சு" என்றாள் மனைவி.

"தெரியுது."

"இல்ல, சும்மா சொன்னேன்."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவரிடம் கார் கிடையாது. அதனால் கார்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமே இல்லை.

"பிசினுக்குப் போய் யாராவது தண்ணி ஊத்துவாங்களா சார்? எண்ணெய் தடவி ஊற விடுங்க. சாயங்காலம் வந்து துடைச்சா வழுக்கிக்கிட்டு வந்துடும்."

சமையல் எண்ணெயைத் தாராளமாகத் தடவிவிட்டு புரூஃப் ரீடர் அச்சகத்துக்குப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் தெருப் புழுதியில் பாதி பானெட்டின் மேல் குடியேறியிருந்தது. கூடவே காய்ந்த இலைகள், ஒரு பேருந்துச் சீட்டு, இன்னார் என்று சொல்ல முடியாத ஒரு பூச்சி. பிசின் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"எண்ணெய் தரமில்ல போல" என்றார் எதிர்வீட்டுக்காரர், கொஞ்சமும் அசராமல். "வீட்டுல நகப்பூச்சு அழிக்கிற மருந்து இருக்குமா?"

இருந்தது. அதுதான் வினை.

பஞ்சில் நனைத்து ஒரு புள்ளியின் மேல் வைத்துத் தேய்த்தார். பிசின் வந்தது. மூன்றாவது தேய்ப்பில் மொத்தமாகவே வந்துவிட்டது. புரூஃப் ரீடர் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. பஞ்சைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பாக இருந்தது.

"சார், இது காரோட சிவப்பு மாதிரி இருக்கே."

"அழுக்கா இருக்கும் சார்."

"சிவப்பா அழுக்கு இருக்குமா?"

குனிந்து பார்த்தார்கள். புள்ளி இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப்போன ஒரு திட்டு. எதிர்வீட்டுக்காரர் அதைத் தடவிப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார்.

"இன்னும் ஏழு இருக்கு, பொறுமையாப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

புரூஃப் ரீடருக்கு மச்சானின் முகம் கண் முன்னால் வந்தது. 'உங்களப் போய் நம்பினேன் பாருங்க' என்ற வார்த்தை காதிலேயே கேட்டது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று சட்டைப் பையில் கையை விட்டார். அங்கே அவருடைய சிவப்புப் பேனா இருந்தது. காரும் சிவப்பு, மையும் சிவப்பு. வேறென்ன வேண்டும்?

அரை மணி நேரம் குனிந்து, கோடு கோடாக, வெளியே வழியாமல் நிரப்பினார். ஈரமாக இருக்கும்வரை பிரமாதமாக இருந்தது. காய்ந்ததும் ரோஸ் கலராகிவிட்டது.

மனைவி வந்து பார்த்தாள்.

"ஏங்க, காருக்கு எதுக்கு லிப்ஸ்டிக் போட்டிருக்கீங்க?"

அதற்கு மேல் மானத்தைப் பார்த்து ஆகப்போவதில்லை. மச்சான் சொன்னது ஞாபகம் வந்து டேஷ்போர்டைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெயிண்டரின் விசிட்டிங் கார்டு இருந்தது. மச்சானின் முன்யோசனையை நினைத்து அவருக்குக் கண் கலங்கியது.

அந்தக் கடைக்கே காரைக் கொண்டுபோனார். பெயிண்டர் அதை ஒருமுறை சுற்றி வந்தார். கலர் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை. அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து பானெட்டின் பக்கத்தில் காட்டினார். கார் புதுசாக வந்தபோது இருந்த அதே சிவப்பு, அச்சு அசலாக.

'பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கிறாரே, தொழில்காரன்னா இவன் தொழில்காரன்' என்று புரூஃப் ரீடர் வியந்துபோனார். வியப்பில் சிவப்புப் பேனாவை அந்த மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் போனபோது பானெட் கண்ணாடி மாதிரி இருந்தது. அதில்தான் சிக்கல். பழைய சட்டைக்குப் புதுக் காலர் தைத்த கதையாக, பானெட்டைத் தவிர மற்ற கார் முழுக்க மங்கலாகத் தெரிந்தது.

"பானெட் மட்டும் தனியாத் தெரியுதே."

"தெரியத்தான் செய்யும் சார். ஒண்ணு, பானெட்டப் பழசாக்கணும். இல்லன்னா மத்ததப் புதுசாக்கணும்."

முதல் யோசனையை புரூஃப் ரீடர் ஒரு நிமிஷம் நிஜமாகவே பரிசீலித்தார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி பெருமூச்சு விட்டாள். "வாஷிங் மெஷினுக்குச் சேத்து வச்சது இருக்கு."

"அது உனக்காகச் சேத்தது."

"எங்க அண்ணன் முன்னாடி நீங்க தலைகுனிஞ்சு நிக்க வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

"துணி?"

"நீங்க துவைங்க."

ஒன்பது நாள் கழித்து மச்சான் வந்தார். மரத்தடியில் வெறும் தரை. கார் வாசலுக்கு உள்ளே, சாக்கும் போர்வையும் போர்த்தியபடி நின்றிருந்தது. புரூஃப் ரீடர் போர்வையை விலக்கினார். கார் முழுக்கப் புதுச் சிவப்பு. மச்சான் காரை மெதுவாகச் சுற்றி வந்தார். கதவைத் தடவினார். பின்பக்கம் குனிந்து பார்த்தார். டிக்கியைக்கூடத் திறந்து பார்த்தார்.

"கை வச்சுட்டீங்களா மாப்பிள்ளை?"

புரூஃப் ரீடர் ஒன்றையும் மறைக்கவில்லை. வெந்நீர், எண்ணெய், நகப்பூச்சு மருந்து, பேனா வரைக்கும் சொன்னார். "தப்பு என் மேலதான் மச்சான். நம்பிக் கொடுத்தீங்க" என்று முடித்தார்.

மச்சான் பானெட்டை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு அவர் தோளில் கை வைத்தார்.

"விடுங்க மாப்பிள்ளை. ஆனது ஆகிப்போச்சு. உங்களுக்காக நான் இந்தக் கலரையே சகிச்சுக்கிறேன்."

என்ன மனசு, என்ன மனசு என்று புரூஃப் ரீடர் நெகிழ்ந்துபோனார். கார் தெருமுனை திரும்பும்வரை நின்று கையசைத்தார். பிறகு உள்ளே போய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியில் ஊறிக்கொண்டிருந்த போர்வைகளைத் துவைக்க உட்கார்ந்தார்.

மூன்றாவது போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தபோது பெயிண்டர் வந்தார். கையில் சிவப்புப் பேனா.

"கடையில விட்டுட்டு வந்துட்டீங்க சார். இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு, அப்படியே கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"ரொம்ப நன்றிங்க. ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். எப்படிங்க பாத்த உடனே அவ்வளவு சரியா கலர் எடுத்தீங்க?"

"அதுல என்ன சார் இருக்கு, இந்தக் காருக்குன்னு போன மாசமே கலந்து வச்சதுதானே. ஓனர் வந்து முழு வண்டிக்கும் விலை கேட்டாரு. சொன்னதும் இப்போ வேண்டாம்னுட்டாரு. 'எங்க மாப்பிள்ளை வீட்டு வாசல்ல ஒரு மரம் இருக்கு, பாதி வேலைய அது பாத்துக்கும், மீதிய அவரு பாத்துப்பாரு'ன்னு சொல்லி உங்க விலாசத்தைக் கொடுத்துட்டுப் போனாரு."