கொடுவாத் தலை யாருக்கு

அன்புள்ள சகாதேவன் மாமாவுக்கு,

குப்பத்திலிருந்து உங்கள் அக்கா மகள் கிருபா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் சுகம். நீங்களும் சூர்யகலா அத்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஒரே மத்தியானத்தில் எங்கள் வீட்டில் முடித்துவிட்டுப் போனவர்களுக்குச் சுகத்துக்கு என்ன குறை. போனில் பேச எனக்கு வாய் வராது என்பதால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கார் வந்து நின்றதும் நான் முதலில் பார்த்தது அத்தை கையில் இருந்த பையைத்தான். அதில் பன்னிரண்டு எலுமிச்சம்பழம் இருந்தது. பெரியவர்களைப் பார்க்க வரும்போது எலுமிச்சம்பழம் கொண்டுவருவது மரியாதை அல்லவா, அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருடி, பட்டணத்துல இருந்தாலும் மறக்கல"ன்னு சொல்லி, பன்னிரண்டையும் தட்டில் அடுக்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார்கள். கால்மணி நேரம் கழித்து அத்தை சமையல்கட்டுக்கு வந்து, "அண்ணி, அந்த லெமன் எங்க? மீன் தொட்டா கை நாறும், தேய்ச்சுக் கழுவறதுக்குக் கொண்டாந்தேன்" என்று கேட்டார்கள். அம்மா சாமி முன்னால் இருந்த தட்டை எடுத்துக் கொடுத்தார்கள். சாமிக்கே அப்படி ஆனது என்றால் எனக்கு ஆனதைக் கேளுங்கள்.

சனிக்கிழமையே நீங்கள் போன் பண்ணி, "அக்கா, ஃபிரெஷ்ஷா இருக்கணும், ஐஸ் வெச்சது வேணாம்" என்று மூன்று தடவை சொன்னீர்கள். அப்பா விடிய நாலு மணிக்கு போட்டில் போய், செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்த கொடுவாவைக் கொண்டுவந்து போட்டார். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயே, இது உசுரோட இருக்குது" என்று பின்னால் போனார்கள். ஃபிரெஷ் என்றால் அப்படித்தான் மாமா இருக்கும். அப்புறம் "முள் இல்லாத மீனா ஒண்ணு பண்ணுங்க அண்ணி"ன்னு வேற. கடல்ல முள் இல்லாதது தண்ணி மட்டும்தான். அதையும் வறுத்துக் கொடுத்திருப்பேன், சட்டியில நிக்கல.

அது போகட்டும். உப்பு. உப்பு விளைகிற நம்ம மரக்காணத்துக்கு ஒருத்தர் உப்பு பாக்கெட் கொண்டுவந்ததை நான் இப்போதுதான் பார்க்கிறேன். வரும் வழியில் உப்பளத்தில் மலைமலையாகக் குவித்து வைத்திருந்த உப்பின் பக்கத்தில் நின்று போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு, இங்கே வந்து "எங்களுக்குக் கல்லுப்பு ஒத்துக்காது"ன்னு சொல்லி, அம்மா உப்பு போட்டு ஊறவைத்த மீனில் அத்தை அவங்க பாக்கெட்டையும் கொட்டினாங்க. வறுவல் கருவாடா ஆயிடுச்சு. அதுக்கும் நீங்க என்னைத்தான் பாத்தீங்க. "இன்னா கிருபா, உப்பளத்துல வேலை செய்யறியா நீ"ன்னு கேட்டு நீங்களே சிரிச்சுக்கிட்டீங்க. அத்தை உடனே, "ஏங்க, இந்தப் பொண்ணு பேசவே மாட்டேங்குதே, படிப்பை ஒம்பதாவதோட நிறுத்தினதுல பேச்சும் நின்னுடுச்சா"ன்னாங்க. பேச்சு நிக்கல மாமா. சேர்த்து வெச்சிருந்தேன். இப்போ எடுக்கறேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நீங்கள் இதே குப்பத்தில் பிறந்து, இதே மணலில் வளர்ந்தவர். கிழிந்த வலையை யார் தைத்தார்களோ, அந்த வலை திரும்பக் கடலில் இறங்கும் முதல் நாள் வருகிற பெரிய மீனின் தலை அவர்களுக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகத் திரும்பக் கடலில் இறங்கி அந்தக் கொடுவாவைப் பிடித்த வலையை நான் தைத்தேன். அப்பா இல்லை, பக்கத்து வீட்டு மோகன் அண்ணன் இல்லை, நான். பத்தொன்பது நாள். நைலான் நூல் அறுத்து ரெண்டு விரலும் கிழிஞ்சு, சோத்துல குழம்பு ஊத்தினாக்கூட எரியும், அப்படித் தைச்சேன். எங்க வீட்டுல மீன் வெச்சா எனக்கு வால் துண்டு. பதினேழு வருஷமா வால். தலை அப்பாவுக்கு, இல்லன்னா வந்தவங்களுக்கு. இந்த ஒரு தடவை தலை என்னுதுன்னு அப்பாவே ஒத்துக்கிட்டார். சனிக்கிழமை வலையை போட்டுல ஏத்தும்போது, "நாளைக்குத் தலை உனக்குத்தான், போ"ன்னு எல்லார் எதிர்லயும் சொன்னார். அதைக் கேட்டுட்டு அன்னைக்கே குழம்புக்கு மாங்காய் பறிச்சு வெச்சேன்.

ஞாயித்துக்கிழமை மீனை நான்தான் ஆஞ்சேன். தலையைப் பெருசா, கழுத்துச் சதையோட சேர்த்து வெட்டினேன், ஏன்னா அது எனக்கு. மாங்காய் போட்டு நான்தான் குழம்பு வெச்சேன். சோத்துக் குண்டானைத் தூக்கிக்கிட்டு நான் வெளிய வர்றதுக்குள்ள அம்மா அந்தத் தலையை எடுத்து உங்க இலையில வெச்சுட்டாங்க. "தம்பி, உனக்குன்னே எடுத்து வெச்சேன்"ன்னு சொன்னாங்க. அப்பா என்னைப் பாத்தார். அப்புறம் ரசத்தைப் பாத்தார். அதுக்கப்புறம் ரசத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

சரி, மாமா சாப்பிடட்டும், தாய்மாமாதானேன்னு நான் மனசைத் தேத்திக்கிட்டேன். சத்தியமா தேத்திக்கிட்டேன். நீங்க சாப்பிட்டிருந்தா இந்தக் கடுதாசியே இல்லை. நீங்க என்ன செஞ்சீங்க? ஒத்த விரலால அதை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பினீங்க. அத்தை, "ஐயோ, அது என்னையே பாக்குதுங்க"ன்னாங்க. நீங்க உடனே, "நாங்கல்லாம் இப்ப தலை சாப்பிடறதில்லக்கா, கொலஸ்ட்ரால்"னு சொல்லி, இலையை அதுமேல மடிச்சுட்டு எழுந்துட்டீங்க. என் தலையை உள்ளே வெச்சு மடிச்சீங்க மாமா. எச்சில் இலையை எடுத்தது நான். கொண்டுபோய்ப் போட்டதும் நான். தெருநாய் ஒண்ணு வந்து, அவசரமே இல்லாம, கன்னம், கண்ணு, செவுள்னு வரிசையா, ஒரு எலும்பு விடாம சாப்பிட்டுச்சு. அன்னைக்கு வந்ததுலயே ஃபிரெஷ் மீனோட அருமை தெரிஞ்சது அது ஒண்ணுக்குத்தான்.

ராத்திரி அம்மாவைக் கேட்டேன். "தம்பி வந்திருக்கச்ச உனக்கா வெப்பாங்க தலையை, ஊரு என்ன பேசும்"னாங்க. ஊர் அன்னைக்கு நம்ம வீட்டுல சாப்பிடல. நீங்கதான் சாப்பிட்டீங்க. சாப்பிடவும் இல்ல.

அதனால் மரியாதையோடு கேட்டுக்கொள்வது என்னவென்றால், இனிமேல் ஃபிரெஷ் மீன் என்று எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். ரோட்டோரம் நிறைய ஓட்டல் இருக்கிறது. அங்கே மீனுக்குக் கண்ணும் இருக்காது, முள்ளும் இருக்காது, உங்களுக்கு ஒத்துவரும்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வயசில் பெரியவர் என்பதால் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு முடிக்கிறேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
மு. கிருபா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது நீங்கள் போன் பண்ணினீர்கள். அம்மா தண்ணி பிடிக்கப் போயிருந்ததால் நான் எடுத்தேன். "கிருபாவா, அக்கா இல்லல்ல? நல்லதாப் போச்சு"ன்னு மெதுவாப் பேசினீங்க. "அந்தத் தலையை மடிச்சு வெச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறலம்மா. உங்க அத்தை எதிர்ல கையை வெக்க முடியல. ஞாயித்துக்கிழமை நான் மட்டும் பஸ்ல வர்றேன். தலை கிடைக்குமா?"ன்னு கேட்டீங்க. மேலே எழுதியிருக்கிறதை எல்லாம் சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். "வாங்க மாமா"ன்னு மட்டும்தான் வந்தது.

போனை வெச்சுட்டு, கொல்லையில கிழிஞ்சு கிடந்த இன்னொரு வலையை இழுத்து வந்து மணல்ல விரிச்சேன். தலை தைச்சவங்களுக்குத்தானே, அதனால நடுவுல ஒரு சிவப்புத் துணி கட்டி, இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் உங்களுக்குன்னு பிரிச்சேன். வலை ஊசி ரெண்டு எடுத்து, ரெண்டுலயும் நூல் சுத்தி வெச்சேன்.